குன்னூர் ஏலத்தில் வந்த கேபின் டிரங்குப் பெட்டி: எந்தக் காலம், எப்படிப் பழுது பார்ப்பது?

குன்னூர்க்குளிர்

குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது எடுத்த பெட்டிங்க. விற்றவர் "விக்டோரியா காலம், 1870" என்று சீட்டு ஒட்டியிருந்தார். எனக்குச் சந்தேகமா இருக்கு.

நீளம் 36 அங்குலம், அகலம் 21, உயரம் பதிமூன்றரை. தட்டை மூடி. மரப்பெட்டி மேல பெயின்ட் அடித்த பச்சைக் கித்தான் போர்த்தி, அதுக்கு மேல மரச்சட்டம் வச்சு அடிச்சிருக்கு. விளிம்பெல்லாம் கறுப்பா, தோலும் இல்லாம அட்டையும் இல்லாம ஒரு கெட்டியான பொருள். பித்தளைப் பூட்டில் ஆங்கிலத்தில் "செக்யூர் லீவர்", "மேட் இன் இங்கிலாந்து". மூடிக்கு உள்ளே "ஆர்மி அண்ட் நேவி சி.எஸ்.எல்., மேக்கர்ஸ்" என்று ஒரு சீட்டு. கித்தான் கிழிந்த மூலையில் பார்த்தால் மரம் மூணு அடுக்காத் தெரியுது. கீலில் ரெண்டு ஸ்குருவுக்கு மட்டும் பிளஸ் தலை.

வெளியே ரெண்டு லேபிள். ஒண்ணு பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியோடது, "நாட் வான்டட் ஆன் வாயேஜ்" (பயணத்தில் தேவைப்படாது). கப்பல் பேரு பென்சிலில் "மூல்தா…" வரைக்கும் தெரியுது. இன்னொண்ணு எஸ்.ஐ.ஆர். (சவுத் இந்தியன் ரயில்வே), "தனுஷ்கோடி பியர்" (கப்பல் துறை).

கோளாறுகள்: ஒரு கைப்பிடி இல்லை, இருக்கிறது தொட்டால் செம்பொடி உதிருது. அடிப்பலகையில் குண்டூசித் துளைகள், கீழே மாவு. பூசண வாடை. சாவி இல்லை. எங்கே ஆரம்பிக்கிறது?

அரக்குச்சில்லு

முதலில் காலம். 1870 நிச்சயமாக இல்லை. அதைச் சொல்ல லேபிள்கூட வேண்டாம், உங்கள் விவரமே போதும்.

ஒரு பெட்டியின் வயதை அதிலுள்ள மிகப் பழைய அம்சத்தை வைத்துச் சொல்லக்கூடாது. பிற்பாடு மாற்றாத பாகங்களில் எது கடைசியாகப் புழக்கத்துக்கு வந்ததோ, அதுதான் கீழ் எல்லை; பெட்டி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. விற்பவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். கித்தானும் மரச்சட்டமும் பழசாகத் தெரிந்தால் விக்டோரியா என்று எழுதிவிடுவார்கள்.

மூன்றடுக்கு மரம் என்றால் பிளைவுட். பெட்டி செய்பவர்கள் அதைப் பரவலாக எடுத்துக்கொண்டது 1900-க்குப் பிறகு. கறுப்பு விளிம்பு வல்கனைஸ்டு ஃபைபர்: பருத்திக் கந்தல் காகிதத்தை ஜிங்க் குளோரைடில் ஊறவைத்து அடுக்கடுக்காக அழுத்தியது. இதற்கு இங்கிலாந்தில் 1859-லேயே காப்புரிமை எடுத்தார்கள் என்றாலும், பெட்டி விளிம்பில் தோலைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்தது பின்னால்தான். "மேட் இன்" என்ற சொற்கள் இன்னொரு குறிப்பு. 1887 பிரிட்டிஷ் சரக்குக்குறிச் சட்டமும், நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்ன 1890 அமெரிக்கச் சுங்கச் சட்டமும் வந்த பிறகுதான் இந்தப் பழக்கம் பரவியது. "மேட் இன்" என்று முழுதாகப் பொறிப்பது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு. ஆனால் அது இல்லாத பெட்டியை அதனாலேயே பழசு என்று முடிவு கட்ட முடியாது; உள்ளூரில் விற்றதற்கு யாரும் பொறிக்கவேண்டிய கட்டாயமில்லை.

மேல் எல்லையை உள்ளே இருக்கும் சீட்டு தருகிறது. சி.எஸ்.எல். என்பது கோ-ஆபரேட்டிவ் சொசைட்டி லிமிடெட். 1871-இல் லண்டனில் ராணுவ, கடற்படை அதிகாரிகளுக்காகத் தொடங்கிய கடை; பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை இருந்தது. 1934-இல் பெயர் ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் என்று மாறிவிட்டது. ஆக உங்கள் பெட்டி 1934-க்கு முந்தியது. தோராயமாக 1905 முதல் 1934-க்குள்.

பிளஸ் தலை ஸ்குருவைக் கண்டு குழம்பவேண்டாம். பிலிப்ஸ் ஸ்குரு 1930-களின் நடுவில்தான் சந்தைக்கே வந்தது. கீலை யாரோ பிற்பாடு கழற்றி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மன்னார்க்கரை

லேபிள் பெட்டி செய்த காலத்தைச் சொல்லாது, பயணம் போன காலத்தைத்தான் சொல்லும். அதை மனதில வைத்துக்கொண்டு வாசியுங்கோ.

தனுஷ்கோடி பியர் லேபிள் நல்ல சாட்சி. தலைமன்னார்–தனுஷ்கோடி கப்பல் சேவை 1914-இல் தொடங்கியது. அதற்கு முன்னம் கொழும்பிலிருந்து வருகிற ஆக்கள் தூத்துக்குடியில்தான் இறங்குவினம். சவுத் இந்தியன் ரயில்வே 1951-இல் தென்னக ரயில்வேக்குள் போய்விட்டது. எனவே அந்த லேபிள் 1914–1951. 1964 டிசம்பர்ப் புயலோடு பியரும் இல்லை, ரயிலும் இல்லை.

கப்பல் "மூல்தான்" என்றால் கவனம். பி அண்ட் ஓ ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைக்கும். 1905-இல் கட்டிய மூல்தான் 1917-இல் மத்தியதரைக் கடலில் டார்பிடோ பட்டு மூழ்கியது. 1923-இல் வந்த மூல்தான் கொழும்பு வழியாக அவுஸ்திரேலியா ஓடி, 1954-இல் உடைக்கப்பட்டது. பெயரை மட்டும் பார்த்து இணையத்தில் முதலில் வருகிற கப்பலின் திகதியை எழுதிவிடாதேயுங்கோ. இரண்டு லேபிளும் ஒரே பயணத்துக்கு உரியதென்றால் 1914–17, அல்லது 1923-க்குப் பிறகு.

லேபிளில் ரப்பர் முத்திரை ஏதும் இருக்கா? டோர்ச்சை லேபிளின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்து, இருட்டறையில் படம் எடுங்கோ. நேர் வெளிச்சத்தில் மறைகிறது சாய்வெளிச்சத்தில் தெரியும். தண்ணி, ஸ்பிரிட் ஒன்றும் தொடவேண்டாம். அந்தக் காலத்துச் சாயம் கலந்த கொப்பிப் பென்சில் எழுத்து ஈரம் பட்டால் ஊதாவாய்ப் பரவிவிடும்.

இன்னொன்று. பதிமூன்றரை அங்குல உயரம் கேபின் டிரங்குக்கு உரியது, கட்டிலுக்கடியில தள்ளுகிற அளவு. அதில் "நாட் வான்டட்" லேபிள் என்றால் அந்தப் பயணத்தில் பெட்டி கீழே சரக்கறைக்குப் போயிருக்கு. சொந்தக்காரரிட்ட சாமான் கூட.

பட்டறைக்காரர்

வயசெல்லாம் சரி. என் யோசனை: கிழிஞ்ச கித்தானை மொத்தமா உரிச்சு எடுத்துட்டு, மரத்தைச் சாண்ட் பண்ணி, ஸ்டெயின் கொடுத்து பாலியூரித்தேன் ரெண்டு கோட் அடிச்சா சும்மா மின்னும். ஹாலில் டீப்பாயா போடலாம். நெட்டில் பாதிப் பெட்டி அப்படித்தான் செய்றாங்க.

அரக்குச்சில்லு

அண்ணா, அது அமெரிக்கக் குவிமூடிப் பெட்டிகளுக்குச் சொல்லும் வழி. அங்கே பைன் பலகை முழுப்பலகையாக இருக்கும். உரித்தால் ஏதோ பார்க்கும்படி இருக்கும். இங்கே உள்ளே இருப்பது 1920-கள் மாதிரிப் பிளைவுட். கித்தானை இழுத்தால் பசையோடு மேல் அடுக்கும் பிய்ந்து வரும். மிஞ்சுவது ஓட்டை விழுந்த பிளைவுட் டப்பா. லேபிள், பெயின்ட், பெயர் எழுத்து எல்லாம் கித்தான்மேல்தான் இருக்கிறது. பெட்டியின் காலத்தையும் பயணத்தையும் சொல்கிற சாட்சியில் பாதியைக் குப்பையில் போடுவதாகும்.

சாண்ட் பண்ணுவதில் வேறொரு ஆபத்து. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூளாக மூச்சில் போகும். உப்புத்தாளை இந்தப் பெட்டியின் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

பட்டறைக்காரர்

பிளைவுட்னு கவனிக்கலை. அப்ப உரிக்க வேண்டாம். ஆனா அடிப்பலகை உளுத்திருந்தா அதை மாத்தித்தான் ஆகணும், அதில் சென்டிமென்ட் பார்த்தா பாரம் தாங்காது.

தாள்மருத்துவம்

அடிப்பலகையைத் தீர்மானிக்கும் முன் பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைக் கறுப்புத் தாள்மேல் இரண்டு வாரம் வையுங்கள். புதிதாக வெளிர் மாவு விழுந்தால் உளுவண்டு உள்ளே வேலை செய்கிறது. துளை கறுத்து, மாவு விழாமல் இருந்தால் பழைய துளை, மருந்தே தேவையில்லை. அதுவரை வீட்டின் மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள்.

உயிர் இருந்தால் சிறந்த வழி குளிர். கெட்டியான பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப்பால் அடைத்து, மைனஸ் 20 டிகிரி குளிர்க்கிடங்கில் இரண்டு வாரம். மீன், ஐஸ்கிரீம் கிடங்குகளில் வாடகைக்கு இடம் தருவார்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒருநாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். நீர் பாலித்தீன்மேல் படியட்டும், கித்தான்மேல் படியக் கூடாது.

ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் போட்டு அடைப்பதும் உண்டு. அதற்குச் சாதாரணப் பாலித்தீன் உதவாது, காற்று ஊடுருவும். அலுமினிய அடுக்குள்ள படலம் வேண்டும், நான்கு வாரம் ஆகும்.

யாராவது செல்பாஸ் மாத்திரை போடச் சொன்னால் கேட்காதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் ஆளைக் கொல்லும் விஷவாயு. உரிமம் உள்ளவர்கள் மட்டுமே கையாளவேண்டியது. அதைவிட்டாலும் பாஸ்பீன் பித்தளையையும் செம்பையும் அரித்துக் கறுக்க வைக்கும். பூட்டும் ரிவெட்டும் போய்விடும். அந்துருண்டை மரத்துக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது, வாடை மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

பூசணத்துக்கு: என்-95 முகமூடி, மென்மையான தூரிகை, வாக்குவம் கிளீனர் வாயில் வலைத்துணி கட்டி உறிஞ்சுதல். திறந்த வெளியில், நிழலில். வெயிலில் நேராக வைத்தால் பிளைவுட் ஓரம் பிளக்கும், ஃபைபர் விளிம்பு சுருண்டு ரிவெட்டைப் பிடுங்கும். உள்துணியில் 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒற்றலாம். வெளியே மரச்சட்டத்தில் வேண்டாம், அங்கே அரக்கு மெருகு இருந்தால் ஆல்கஹால் கரைத்துவிடும்.

வாடை ஒரே நாளில் போகாது. திறந்த டப்பாவில் அரைக் கிலோ ஆக்டிவேட்டட் கரி வைத்து மூடியைச் சாத்தி (பூட்டாமல்!) இரண்டு மூன்று வாரம் விடுங்கள். காப்பித்தூள், சாம்பிராணி எல்லாம் வாடையை மறைக்கும், எடுக்காது.

குன்னூர்க்குளிர்

மன்னார்க்கரை ஐயா சொன்ன மாதிரி டார்ச் சாய்த்துப் படம் எடுத்தேன். பி அண்ட் ஓ லேபிள் ஓரத்தில் ரப்பர் முத்திரை, கடைசி ரெண்டு எண் "26" தெளிவா இருக்கு. மாவு புதுசா விழலை.

தாள்மருத்துவம் மேடம், லேபிள் ஓரம் தூக்கி நிக்குது. ஃபெவிகால் வச்சு ஒட்டலாமா?

மன்னார்க்கரை

அப்ப 1926. இரண்டாவது மூல்தான். பெட்டி 1926-க்கோ அதற்கு முன்னமோ செய்தது. வெளியே ஆளின்ர பெயரோடு ராணுவப் பதவி எழுதியிருந்தால் அந்த ஆண்டு இந்திய ராணுவப் பட்டியலில் தேடலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அவை உண்டு.

தாள்மருத்துவம்

ஃபெவிகால் வேண்டாம். காய்ந்தபின் தண்ணீரில் திரும்பக் கழற்ற முடியாது, தாளைக் கெட்டியாக்கி மடிப்பில் உடைக்கும். செல்லோடேப் அதைவிட மோசம். பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகும்.

கோதுமை ஸ்டார்ச் பசை காய்ச்சுங்கள். ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர். அரைமணி ஊறவிட்டு, சிறுதீயில் விடாமல் கிளறி, கண்ணாடிபோல் ஆனபின் இருபது நிமிடம். ஆறியதும் வலைத்துணியில் தேய்த்து வடிகட்டி, பால் பதத்துக்கு நீர்விட்டுத் தளர்த்துங்கள். மைதா இதற்கு மாற்றல்ல. அதிலுள்ள புரதம் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. போஸ்டர் ஒட்டும் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் சேர்ப்பார்கள். இங்கே சேர்த்தால் செம்பு உப்பு தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும்.

நுனித் தூரிகையால் லேபிளின் அடியில் மட்டும் மெல்லப் பூசுங்கள். பென்சில் எழுத்து இருக்கும் பகுதிக்குப் பசை ஈரம் வராமல் ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் ஒற்றுத்தாள், ஒரு புத்தகக் கனம். மறுநாள்வரை தொடவேண்டாம். லேபிள்மேல் வார்னிஷ் அடிப்பதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

அரக்குச்சில்லு

கித்தான். தூசு எடுத்தபின், கண்ணில் படாத அடி ஓரத்தில் ஈரப் பஞ்சுக்குச்சியை உருட்டிப் பாருங்கள். பச்சை நிறம் பஞ்சில் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், உலர்முறை மட்டும். ஏறவில்லையென்றால் ஒரு லிட்டர் நீரில் நான்கைந்து சொட்டு நடுநிலை சோப்பு, ஸ்பாஞ்சில் நுரையாக அடித்து நுரையை மட்டும் பூசி, உள்ளங்கை அளவு இடமாகத் துடைத்துக்கொண்டே போங்கள். ஃபைபர் விளிம்பில் நீர் படக்கூடாது. அது நீரை உறிஞ்சி ஊதும், காயும்போது முறுக்கும்.

கிழிந்து தொங்கும் கித்தானை வஜ்ஜிரப் பசையால் (தச்சர்களின் விலங்குத் தோல் பசை) ஒட்டுங்கள். ஒரு பங்கு வஜ்ஜிரம், இரண்டு பங்கு தண்ணீரில் இரவு ஊறட்டும். காலையில் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து 60 டிகிரியில் உருக்குங்கள். 65-ஐத் தாண்டிக் கொதிக்கவிட்டால் ஒட்டும் சக்தி போய்விடும், தச்சர்கள் அதிகம் கெடுப்பது இங்கேதான். கிழிசலில் துணி குறைந்திருந்தால் பழைய பருத்திக் கித்தான் துண்டை அடியில் செருகி, அதற்கு மட்டும் நிறம் கொடுங்கள். சுற்றியுள்ள பழைய பெயின்ட்மேல் தூரிகை ஏறக்கூடாது.

விளிம்பு ஃபைபர் ஓரிடத்தில் தூக்கியிருந்தால் மட்டும் நீர் விஷயத்தில் ஒரு விலக்கு: ஈரத்துணியை அரைமணி அதன்மேல் மட்டும் போட்டு, இளகியதும் பட்டர் பேப்பர் வைத்து கிளாம்ப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். முழுத் துண்டே போயிருந்தால் மின் இன்சுலேஷன் பொருள் விற்கும் கடையில் ஃபைபர் ஷீட் என்று கேளுங்கள், ஒன்றரை மில்லிமீட்டர். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும் லெதராய்டு பேப்பரும் இதன் சொந்தக்காரன்தான், ஆனால் மெலிசு, மூலைக்குத் தாங்காது.

உலோகத்தில் முதலில் காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம். மெருகேற்றினால் முலாம் போய்விடும். உண்மையான பித்தளை என்றாலும் புளியும் எலுமிச்சையும் வேண்டாம். அமிலம் துத்தநாகத்தைத் தின்று, மேற்பரப்பு செம்பு நிறமாகும். ரிவெட் அடியில் தங்கும் உப்பு பிறகு பச்சையாகப் பூக்கும். சுண்ணக்கட்டித் தூளைப் பாதி ஸ்பிரிட், பாதி நீரில் குழைத்துத் தேயுங்கள். அதற்கு முன் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் பூட்டின் வடிவத்துக்கு வெட்டி அடியில் செருகினால் கித்தானில் கறை படியாது. துருவுக்கு நான்கு சுழி (0000) ஸ்டீல் உல், இரண்டு சொட்டு மெஷின் ஆயில். கடுக்காய்த் தண்ணீர் துருவைக் கறுப்பாக்கி நிறுத்தும் என்பது உண்மை, அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளின் வேலை. ஆனால் பக்கத்து மரத்தில் பட்டால் அங்கேயும் இரும்புக் கறை கறுக்கும். கழற்றி எடுத்த பாகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மரச்சட்டத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச்சில்லு கரைத்து, துணிப்பந்தால் இரண்டு கை போதும். மேலே தேன்மெழுகு.

தோல்வார்

கைப்பிடியில் உதிரும் செம்பொடிக்கு ரெட் ராட் என்று பேர். காற்றிலுள்ள கந்தக அமிலத்தன்மையில் பட்டை பதனிட்ட தோலின் நார் சிதைந்தது. எண்ணெய் போடாதீங்க. நீட்ஸ்ஃபுட் ஆயிலோ (மாட்டுக்கால் எண்ணெய்) விளக்கெண்ணெயோ, எதுவானாலும் அந்தப் பொடியைச் சேறாக்கிக் கறுக்கும்; நார் திரும்பாது. க்ளூசெல்-ஜி என்ற செல்லுலோஸ் பொடி 20 கிராமை ஒரு லிட்டர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைச்சு மூணு தடவை பூசினா பொடி கட்டும். அதுக்கு அப்புறமும் அந்தப் பிடியைப் பிடிச்சுத் தூக்கக்கூடாது. காட்சிக்கு மட்டும்.

இல்லாத பிடிக்குப் புதுசு செய்யலாம். குரோம் தோல் வேண்டாம், பார்வையே வேற மாதிரி இருக்கும், ஓரமும் மெருகேறாது. பட்டை பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் நம்ம ஊர்ச் சரக்குதான். திண்டுக்கல், ஈரோடு, வாணியம்பாடி பக்கம் கேளுங்க. அது மெலிசா வரும், அதனால ரெண்டு பட்டை சேர்த்து மொத்தம் 5 மில்லிமீட்டர் ஆக்கி, நடுவில் கால் மில்லிமீட்டர் எஃகுத் தகடு வச்சுத் தைக்கணும். மெழுகிட்ட லினன் நூல், அங்குலத்துக்கு ஆறு தையல். நீளத்தை இருக்கிற பிடியில் அளக்காதீங்க, அது இழுபட்டிருக்கும். பிடியின் முனைகளைப் பிடிச்சிருக்கிற ரெண்டு பித்தளைக் கூடுகளுக்கு இடையே அளந்து, விரல் நுழைய ஒன்றேகால் அங்குலம் வளைவு கூட்டிக்குங்க.

பட்டறைக்காரர்

கூட்டை மாட்ட ஸ்குரு போட்டா பிளைவுட்டில் நிக்காது. கிளிஞ்ச் ஆணி போடுங்க. மெத்தென்ற இரும்பு ஆணி, மொத்தத் தடிமனைவிட 5 மில்லிமீட்டர் நீளம். உள்ளே கனமான இரும்புக் கட்டியை ஒருத்தர் அமுக்கிப் பிடிக்கணும், வெளியே அடிச்சா முனை தானா வளைஞ்சு மரத்துக்குள்ளே திரும்பும். கட்டியைச் சரியாப் பிடிக்கலேன்னா முனை உள்துணிக்கு மேல நிக்கும், கை கிழிக்கும். பழைய ஆணியைத் தலையிலிருந்து பிடுங்காதீங்க, கித்தான் வட்டமாப் பிய்ஞ்சு வரும். உள்ளே வளைஞ்ச முனையை உளியால் வெட்டிட்டு வெளியே தள்ளுங்க.

அடிப்பலகையை ஊசியால் குத்திப் பாருங்க. 2 மில்லிமீட்டருக்கு மேல இறங்கலேன்னா அப்படியே விடலாம். இறங்குச்சுன்னா உள்ளே மேலாக 6 மில்லிமீட்டர் தனிப்பலகை போட்டுப் பாரத்தை அதுக்கு மாத்துங்க, ஒட்ட வேண்டாம்.

பினாங்குப்பெட்டி

இடையில் ஒரு கேள்வி. எங்களிடம் பச்சைத் தகர டிரங்கு, "ரஜூலா" கப்பல் லேபிளோடு இருக்கிறது. வெளிப்பூச்சு கறுப்பாக உரிகிறது. தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

மன்னார்க்கரை

ரஜூலா 1926 முதல் 1973 வரை சென்னை–நாகப்பட்டினம்–பினாங்கு–சிங்கப்பூர் ஓடியது, அதனால் கப்பல் பெயர் மட்டும் போதாது. விலாசத்தில் "ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ்" இருந்தால் 1946-க்கு முன்னம். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு எழுதினது.

அரக்குச்சில்லு

தின்னர் கூடவே கூடாது. அது ஜப்பான் பிளாக் வகைப் பூச்சாக இருந்தால் அடிப்படை ஆஸ்பால்ட். தின்னர், பெட்ரோல், டர்பென்டைன் எல்லாவற்றிலும் கரைந்து கறுப்புக் குழம்பாகிவிடும். உலர்ந்த துணி, பிறகு மெழுகு. மற்றதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

குன்னூர்க்குளிர்

கடைசியா பூட்டு. மூடி இப்போ திறந்துதான் இருக்கு. சாவி செய்ய முடியுமா?

பட்டறைக்காரர்

முடியும். அதுவரை மூடியில் இருக்கிற கொக்கி பூட்டுக்குள் இறங்காதபடி நடுவில் துணி மடிச்சு வைங்க. சில டிரங்குப் பூட்டு அழுத்தினாலே விழுந்துக்கும், அப்புறம் ரிவெட்டைத் துளைச்சாத்தான் திறக்கும்.

பூட்டின் முகத்தில் எண் ஏதாவது குத்தியிருக்கான்னு பாருங்க. இருந்தா அது சாவி எண், பழைய சாவி விக்கிறவங்ககிட்டே அதை வச்சுக் கேட்கலாம். இல்லேன்னா பெட்டியையே பூட்டுக்காரர்கிட்டே தூக்கிட்டுப் போங்க. சாவித்துளைக்கு நடுவில் முள் நின்னா குழல் சாவி வேணும், முள் இல்லேன்னா கட்டிச் சாவி. போறதுக்கு முன்னாடி துளைக்குள்ளே கிராஃபைட் தூள் மட்டும் ஊதுங்க. தேங்காயெண்ணெய் விட்டா உள்ளே இருக்கிற லீவர் எல்லாம் பிசினா ஒட்டிக்கும், அவருக்கு எந்த லீவர் எவ்வளவு உயரம்னு கணிக்கவே முடியாது.